பதினெட்டுக்குப் பன்னிரண்டு

பன்னிரண்டு மணி நேரம்
கடலிலிருந்து உப்பைப் பிரித்துவிட்டு
வீடு வருகிறேன்.
வாசலில், பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடியில்,
நான் பிரித்த தண்ணீரை
என் சம்பளத்திலேயே வாங்கிக் குடிக்கிறது
என் புல்.

கித்ஃபாவில் ஆகஸ்ட்.
கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி வேர்க்கிறது.
துடைத்தால் மறுபடி வேர்க்கிறது.
மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம்,
நடுவில் காற்று
பிழியாத துணியாய்த் தொங்குகிறது.

கம்பெனி வீடு. ஒப்பந்தத்தில் பதினோராம் ஷரத்து:
முன்புறம் பசுமையாக இருக்க வேண்டும்.
எந்தப் பசுமை என்று எழுதவில்லை.
பக்கத்து வீட்டு டான்டே
பிளாஸ்டிக் புல் விரித்துவிட்டார்.
ஒரு ஞாயிறு மதியம்
அங்கே பந்தெடுக்கப் போன ஷெரின்
உள்ளங்கால் சிவந்து
நொண்டிக்கொண்டு வந்தாள்.
அன்றைக்கு முடிவு செய்தேன்,
சாகக்கூடியதையே வளர்ப்பதென்று.

அதுவும் சாகத் தொடங்கியது.
தோசைக்கல் அளவில்
மூன்று மஞ்சள் வளையங்கள். பிறகு ஏழு.
தாகம் என்று நினைத்தேன்.
இரவு பத்துக்குக் குழாய்,
மனசு கேட்காமல் பதினொன்றுக்கும்.
வளையங்கள் ஒன்றையொன்று தொட்டு
எட்டுப் போட்டன.
உப்போ என்று
ஆலையிலிருந்து கருவி கொண்டுவந்து அளந்தேன்.
எண் வாய் திறக்கவில்லை.

வியாழன்தோறும் வரும் குல் ஸமானுக்கு
இருபத்துமூன்று வயது.
எங்கள் வரிசையில் பதினான்கு வாசல்கள் அவன் கணக்கில்.
குந்தி உட்கார்ந்து ஒரு தாளை இழுத்தான்.
முரண்டு பிடிக்காமல் கையோடு வந்தது.
அடி பழுப்பு, கொழகொழ.
மூக்கருகே நீட்டினான்:
ஷிஃப்ட் முடிந்த காலுறை வாடை.
'பியாஸா நஹீ, ஸாப்.
டூப் ரஹா ஹை.'
தாகமில்லை.
மூழ்கிக்கொண்டிருக்கிறது.

இரவில் ஊற்றாதே என்றான்.
விடிகாலை, பாங்கு முடிந்து,
ஒரே தடவை, ஆழமாக.
பிறகு இரண்டு நாள்
அந்தப் பக்கம் திரும்பாதே.
கத்தி மழுங்கினால் புல் அறுபடாது, கிழியும்;
நுனி வெளுத்திருக்கிறதே, அதுதான்.
எப்படித் தெரியும் என்றேன்.
ஒன்பதாம் நம்பர் வீட்டில்
முழுசாகக் கொன்றிருக்கிறேன் என்றான்,
சிரிக்காமல்.

யூரியா மூட்டையைப் பார்த்தான்.
காய்ச்சல்காரனுக்குப் பிரியாணியா என்பதுபோல்
என்னையும் பார்த்தான்.
ஷெட்டுக்குள் வைத்துப் பூட்டி
சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

சும்மா இருப்பது
குழாய் பிடிப்பதைவிடக் கஷ்டம்.
கை அரித்தது.
அந்த நாட்களில்தான் கேட்டேன்,
பக்கச் சுவரில் ஏசி சொட்டும் சத்தம்.
வாளி வைத்தேன். பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று.
கருவியை முக்கினால்
உப்பு இருக்குமிடமே தெரியவில்லை.
இத்தனை டர்பைன், இத்தனை ஆட்கள்,
நாங்கள் கடலோடு மல்லுக்கட்டிச் செய்வதை
துருப்பிடித்த ஒரு பெட்டி
தூங்குகிறவர்களுக்காக மூச்சுவிட்டபடி செய்கிறது.
ஆலையில் யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் பாதியில்
ஒரு கொடித்தண்டு
வளையத்துக்குள் காலெடுத்து வைத்தது.
கணுவுக்கு இரண்டு இலை.
அளக்கவில்லை.
அளந்தேன். நான்கு விரல்.

கம்பெனி ஆள் படிவத்தோடு வந்தார்.
பசுமை: ஆம், இல்லை.
பேனா இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நின்று
வேர்த்தது. தாள் ஈரமாகி
எங்கே குறித்தார் என்பதே தெரியவில்லை.

நைட் டியூட்டி முடிந்து
ஏழே முக்காலுக்கு வந்தாள் ஜெபமலர்.
வார்டில் இரவெல்லாம் நின்ற கால்.
வெள்ளை ஷூவைக் கழற்றி
புல் இருக்கும் பக்கமாய்ப் பார்த்து
ஏறி நின்றாள், கண்ணை மூடிக்கொண்டு.
உள்ளே போய்ப் படு என்று சொல்ல வாயெடுத்தேன்.

'ஈரமா இருக்கே.
ராத்திரி மறுபடியும் ஊத்துனீங்களா?'

'பனி,' என்றேன்.
'நான் தொடவே இல்லை.'